மீன்காட்டி வாங்குவது முறையா?

நீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறது என்பதைத் திரையிற் காட்டும் கருவி ஒன்றைச் சிறு படகுக்காரன் ஒருவன் வாங்கலாமா, வாங்கலாகாதா? இக்கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டால் அவர் சிரிப்பார். சாமியாரிடம் கேட்டால் மீன் பிடிப்பதே பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இவ்விருவரையும் விலக்கிவிட்டு, நாம் நம் அறிவைக் கொண்டே ஆராய வேண்டிய பொருள் இது.

ரிங்லெட்டிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இளைஞர் சிலர் கயாக் என்னும் ஒற்றையாள் படகு வைத்திருக்கின்றனர். விடுமுறை வந்தால் அதனைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கி, பேராக்கிலுள்ள தெமெங்கோர், திரெங்கானுவிலுள்ள கென்யிர் முதலிய அணைக்கட்டு ஏரிகளுக்குச் செல்கின்றனர். இற்றை நாளில் அவர்களுடைய பேச்சில் ஓயாது அடிபடுவது, ஜி.பி.எஸ். பொருத்திய 'ஃபிஷ் ஃபைண்டர்'. அதனை நான் மீன்காட்டி என்று எழுதுகிறேன். தோட்டத்துக் கிராணி ஆங்கிலம் படித்தவன் என்பதனால் மருந்துப் புட்டியும் வங்கிக் கடிதமும் அவன் மேசைக்கு வருவது போலவே, இக்கருவிகளின் விலைப்பட்டியல்களும் வந்தன. அவற்றோடு ஒரு வழக்கும் வந்தது. "இருக்கிற இடம் தெரிஞ்சு போடுறது தூண்டில் இல்லேடா, கொள்ளை" என்று முதியவர் ஒருவர் தீர்ப்புக் கூறிவிட்டார். "தாத்தாவுக்கு விஞ்ஞானம் தெரியாது" என்று இளைஞர் அதனைத் தள்ளிவிட்டனர். இரு தரப்பாரும் பாதி வழியிலேயே நின்றுவிட்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கருவியின் இயல்பை அறிவோம். அறியாத பொருளைப் பற்றி அறம் பேசுவது நம்மவரின் பழைய நோய்.

படகின் அடியிற் பொருத்தப்படும் சிறு கட்டி ஒன்று, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. அவ்வொலி தரையில் மோதித் திரும்புகிறது. நன்னீரில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். ஆகவே 15 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், போய்வருவதற்கு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். அந்த நேரத்தை அளந்து கருவி ஆழத்தைக் கூறுகிறது. இடையில் மீன் இருந்தால் அதிலிருந்தும் ஒலி திரும்பும். மீனின் சதை நீரைப் பெரிதும் ஒத்தது. ஒலியை வலுவாகத் திருப்புவது அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை. எனவே திரையில் நாம் காண்பது பெரும்பாலும் மீனன்று, மீன் தன்னுள் சுமந்திருக்கும் காற்றே எனலாம்.

நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டு முதல் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்த இக்கலை, 1948-இல் ஜப்பானில் புருனோ சகோதரர்களின் கையால் மீன் பிடிக்கும் தொழிலுக்கு வந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார், தூண்டிற்காரன் தூக்கிச் செல்லத்தக்க சிறு பெட்டியாக அதனை ஆக்கினர். ஜி.பி.எஸ். பின்னர் வந்து சேர்ந்தது. அதுவும் போர்த்துறையின் பிள்ளைதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்குரிய குறியை வேண்டுமென்றே மழுங்கச் செய்திருந்தமையால் 100 மீட்டர் வரை பிழை நேர்ந்தது. அத்தடை நீங்கியபின் சில மீட்டர் தூரத்துக்குள் இடத்தைக் குறிக்க இயன்றது. இன்று நீருக்குள் கிடக்கும் மரத்தண்டு ஒன்றின் மேல் படகை நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த ஆண்டும் இருளிலும் மூடுபனியிலும் அதே மரத்தண்டுக்கு மீளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூறாமற் செல்ல எனக்கு மனமில்லை. புதிதாக வாங்குகிறவர், திரை முழுவதும் இப்பொழுது நீருக்குள் இருப்பதன் படம் என்று எண்ணிவிடுகிறார். அப்படியன்று. திரையின் வலப்பக்க ஓரம் ஒன்றே நிகழ்காலம். இடப்புறம் நகர்ந்து செல்வதெல்லாம் கடந்தகாலம். படகு அசையாது நின்று, மீனும் கீழே அசையாது நின்றால், ஒரு சாண் மீன் திரையில் நீண்ட கோடாக இழுபடும். பார்ப்பவர் அதனைப் பெருமீன் என்று களிப்பார். மேலும், ஒலி கூம்பு வடிவாக விரிகிறது. இருபது பாகைக் கூம்பு 15 மீட்டர் ஆழத்தில் ஐந்து மீட்டர் அகலமுள்ள வட்டத்தையே தொடும். அறுபது பாகைக் கூம்பு பதினேழு மீட்டரைத் தொடும். அகன்ற கூம்பு மீனை மிகுதியாகக் காட்டும். ஆனால் அம்மீன் வலப்புறமா, இடப்புறமா என்பதைச் சொல்லாது. அறிவு பெருகும்போது குழப்பமும் அதனோடு பெருகுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை.

நிற்க. முதியவரின் வழக்கிற்கு வருவோம். இருக்கும் இடத்தை அறிந்து மீன் பிடிப்பது கொள்ளை என்பது மெய்யானால், முன்னோர் எல்லோரும் கொள்ளைக்காரரே. கன்னியாகுமரிக் கரையின் மீனவர், கடலுக்கடியிலுள்ள பார்களைக் கண்டறிவதற்குக் கணியம் என்னும் முறையைக் கையாண்டு வந்தனர். கரையிலுள்ள மலைமுகடு ஒன்றையும் அதற்கு முன்னுள்ள கோயிற் கோபுரத்தையோ பனையையோ ஒரு கோட்டில் நிறுத்துவர். வேறு திசையில் மற்றோர் இணையைக் கோட்டில் நிறுத்துவர். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். வானத்துக் கோள்களைக் கொண்டு ஜி.பி.எஸ். செய்யும் வேலையைக் கட்டுமரத்தின் மேல் நின்ற எழுத்தறியாத மனிதன் கண்ணாற் செய்தான். அவனுடைய வடிவியல் அறிவைப் போற்றாமல், இந்நாளின் கருவியை மட்டும் விஞ்ஞானம் என்று கூறுவது அறியாமை.

ஒலியும் புதியதன்று. நாம் வாழும் இந்நாட்டின் கிழக்குக் கரையில், கிளந்தான், திரெங்கானு மலாய் மீனவரிடையே ஜூரு செலாம் எனப்படும் வல்லுநர் இருந்தனர். அவர் சிறு தோணியிலிருந்து நீரில் இறங்கி, தலையை அமிழ்த்தி, செவியால் மீனைத் தேடுவார். எந்த மீன், எந்தத் திசை, எவ்வளவு கூட்டம் என்பதைக் கேட்டே கூறுவார். அவர் கையசைத்த பின்னரே வலைப்படகுகள் சூழும். 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் கிளந்தான் கரையில் தங்கி ஆராய்ந்த ரேமண்ட் பர்த் என்னும் மானிடவியல் அறிஞர், 1946-இல் வெளிவந்த தம் நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். கெலாமா போன்ற மீன்கள் தம் காற்றுப்பையை அதிரச் செய்து முரசு போல் ஒலியெழுப்பும். அதே காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் இன்றைய கருவி வாங்குகிறது. ஜூரு செலாம் மீன் பேசியதைக் கேட்டார். மீன்காட்டியோ தானே கூவி, தன் எதிரொலியைக் கேட்கிறது. வேறுபாடு அவ்வளவே.

ஆயின் இளைஞர் வென்றுவிட்டனரா? இல்லை. கணியம் கற்க ஒரு வாழ்நாள் ஆயிற்று. தந்தை மகனுக்குச் சொன்னான். அடுத்த படகுக்காரனிடம் மறைத்தான். ஜூரு செலாம் ஆவதற்குப் பல ஆண்டுக் காலப் பயிற்சி வேண்டும். நூறு பேரில் ஒருவருக்கே அது கைவரும். அவ்வறிவு அரிதாய் இருந்தமையே மீனுக்குக் காவலாய் இருந்தது. யாரும் அந்தக் காவலைத் திட்டமிட்டு வைக்கவில்லை. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதும் அதற்குக் காரணமன்று. கருவி வந்தவுடன் அறிவு கடைப்பொருளாயிற்று. காவல் கடையில் விற்கப்படவில்லை. முதியவர் உணர்ந்தது இதுவே. சொல்லத் தெரியாமல் கொள்ளை என்றார்.

கனடா நாட்டு நியூபவுண்ட்லாந்துக் கடலில் நிகழ்ந்ததை ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். காட் என்னும் மீன் அங்கே நூற்றாண்டுகளாக உலகிற்கு உணவளித்தது. 1968-இல் அங்குப் பிடிபட்டது ஏறத்தாழ 8 இலட்சம் டன். பின்னர் மீன் குறைந்தது. குறையக் குறைய எஞ்சிய மீன் ஓரிடத்தில் திரண்டது. பெருங்கப்பல்கள் ஒலிக்கருவியால் அத்திரளைத் தேடிச் சென்று அள்ளின. ஒரு நாள் உழைப்பிற்கு எவ்வளவு மீன் என்ற கணக்கு அக்கப்பல்களிற் குறையவே இல்லை. கணக்கு குறையாததைக் கண்ட அறிஞர் சிலர், கடலில் மீன் நிறைந்திருக்கிறது என்று மதிப்பிட்டனர். கரையோரத்தில் பொறி வைத்து, மீன் தானே வரும்வரை காத்திருந்த சிறு மீனவரோ, மீன் சிறுத்துவிட்டது, வரவும் இல்லை என்று 1980-களிலேயே முறையிட்டனர். தேடிச் செல்லும் வசதி இல்லாதவருக்கே வறுமை முதலில் தெரிந்தது. அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை. 1992 ஜூலை 2-ஆம் நாள் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே அடியில் வேலையிழந்தனர். அத்தடையை முறைப்படி நீக்க 2024 வரை ஆயிற்று. நீக்கிய ஆண்டில் அனுமதித்த அளவு 18,000 டன் மட்டுமே.

ஒரு கயாக்குக்கும் நியூபவுண்ட்லாந்துக் கப்பலுக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஒரு தூண்டில் ஒரு கடலை வறளச் செய்யாது. ஆனால் கென்யிரும் தெமெங்கோரும் கடல் அல்ல. அவற்றில் தேடப்படும் தோமான், நம் ஊர்க் குளத்து விராலின் பெரிய உறவினன். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் என்பது தமிழ்நாட்டுக் கிராமத்துச் சிறுவனும் அறிந்தது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும்; கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். தூண்டிற்காரர் சிலர் அக்குஞ்சுத் திரளையே அடையாளமாகக் கொண்டு, அதன் நடுவே பொய்யிரையை எறிகின்றனர். காக்க வந்த மீன் சினங்கொண்டு கடிக்கிறது, அகப்படுகிறது. அதன்பின் குஞ்சுகள் பிற மீனுக்கு இரை. இதற்குக் கருவி வேண்டியதே இல்லை, கண்ணே போதும். எனவே தீமை கருவியோடு பிறந்தது என்பதும் பொய். ஆனால் அந்த இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து, நூறு பேர் உள்ள கூட்டத்திற்குக் கைப்பேசியில் அனுப்பிவிட்டால், அன்றைய ஒருவன் செயல் அடுத்த வாரம் நூறு பேர் செயலாகிறது. கணியத்தை மறைத்த பழைய மீனவனைத் தன்னலக்காரன் என்று நான் இதுகாறும் எண்ணியதுண்டு. இப்பொழுது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நம் தொழிலிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. கையாற் கொழுந்தெடுத்த நாளில், இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ளி மற்றதைச் செடிக்கு விட வேண்டும் என்ற அளவு, எடுப்பவளின் விரல் நுனியில் இருந்தது. கண்ணும் விரலும் சேர்ந்து செடிதோறும் முடிவு செய்தன. இப்பொழுது இரண்டு ஆள் பிடித்துச் செல்லும் இயந்திரம் மட்டமாக வெட்டிச் செல்கிறது. இயந்திரத்துக்கு இளந்தளிரும் முற்றிய இலையும் ஒன்றே. ஆகவே அளவு விரலை விட்டு வேறோரிடத்திற்குச் சென்றது: வெட்டும் உயரத்தைக் குறிப்பவரிடம், எத்தனை நாளுக்கு ஒரு முறை அதே நிரையில் இறங்குவது என்று தீர்மானிப்பவரிடம், கவ்வாத்து எப்பொழுது என்று எழுதுபவரிடம். அவர்கள் தவறினால் செடி மலடாகும். இயந்திரத்தைக் கைவிட வேண்டும் என்று தோட்டத்தில் யாரும் சொல்லவில்லை. முதுகில் கூடை சுமந்த நம் தாய்மாரின் வேதனையைக் கண்டவன் அப்படிச் சொல்லவும் மாட்டான். ஆனால் அளவு எங்கே போயிற்று என்று தேடாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கியவர் தோட்டத்தை இழப்பார். மீன்காட்டி வாங்குகிறவரும், நாளுக்கு எத்தனை மீன், எவ்வளவு நீளத்திற்குக் குறைந்ததை விடுவது, எந்தக் காலத்தில் எந்த மூலைக்குப் போகாதிருப்பது என்பவற்றை வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மீன் திரையில் தெரிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

நம் ஊர் ஏரியையும் மறக்கலாகாது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணையால் உண்டானது ரிங்லெட் ஏரி. மலைச்சரிவுகளில் காடழித்துத் திறந்த மண் மழைதோறும் ஆறுகளின் வழியே வந்து அதில் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலை, பெருமழையால் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டு போனதை இவ்வூரார் அறிவர். மீன்காட்டியை இந்த ஏரியின் மேல் நிறுத்தினால் அது முதலிற் காட்டுவது சேற்றை. கெட்டித் தரை ஒலியை வலுவாகத் திருப்பும். திரையில் தடித்த கோடு விழும். சேறு ஒலியை விழுங்கி மங்கலாகத் திருப்பும். மீனைத் தேடும் கண்ணுக்கு அந்த மங்கல் கோடு ஒரு தொல்லை. ஆண்டுதோறும் அதே புள்ளியில் ஆழம் எவ்வளவு என்று எழுதி வைப்பவனுக்கோ அது ஒரு சாட்சியம். ஒரே கருவி; எதைப் பார்க்க விரும்புகிறோம் என்பது நம்முடையது.

இனி, நான் மிகுந்த துயரத்தோடு எழுதும் பகுதி. பாக் நீரிணையில் இந்திய இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வரையப்பட்டது. தண்ணீரில் கோடு தெரியாது. எனவே அறியாமல் வந்துவிட்டோம் என்று சொன்ன மீனவனின் சொல்லை நம்ப முடிந்தது. இன்று விசைப்படகின் திரையில் அந்தக் கோடு தெரிகிறது. இழுவை மடி கடலடியைச் சுரண்டி, குஞ்சும் முட்டையும் வாரிச் செல்வது என்பதனால் 2017-இல் இலங்கை அத்தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. 2009-இல் போர் முடிந்து, பல்லாண்டுகளுக்குப் பின் கடலுக்குத் திரும்பிய வடபுலத்துத் தமிழ் மீனவனின் சிறு வலைகள் இவ்விசைப்படகுகளால் அறுபடுகின்றன. அறுப்பவனும் தமிழன், இழப்பவனும் தமிழன். இயந்திரம் கெட்டு, நீரோட்டம் இழுத்து எல்லை தாண்டுகிறவர்களும் உண்டு. அவர்களைச் சுடுவதும் அடிப்பதும் எந்த அரசுக்கும் தகாது. கடனில் மூழ்கிய கூலியாளை எல்லைக்கப்பால் ஏவிவிட்டுக் கரையில் காத்திருக்கும் முதலாளியின் பங்கையும் நான் மறக்கவில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே கோட்டைக் கடப்பவர், தெரியாது என்ற பழைய சொல்லை இனி எடுக்க முடியாது. கருவி அவருக்கு மீனைக் கொடுத்தது. அந்தச் சொல்லை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. மேடையேறித் தமிழர் ஒற்றுமை பேசும் நம் தலைவர்கள் இந்தக் கணக்கை மட்டும் விரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே என் விடை: வாங்கலாம். எதை வாங்குவது என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டா. கயாக்கில் முழங்காலுக்கு முன் வைக்க ஐந்து அங்குலத் திரை போதும். அதனிற் பெரியது மின்கலத்தை விரைவில் தின்னும். வெயிலில் தெளிவாகத் தெரிகிறதா என்று கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும். வெறும் மீன்படம் வரைந்து காட்டும் வசதியை அணைத்துவிட்டு, எதிரொலியை உள்ளவாறே படிக்கப் பழக வேண்டும். இலையும் குமிழியுங்கூட அக்கருவிக்கு மீன்தான். இடத்தைக் குறித்து வைக்கும் ஜி.பி.எஸ்., நல்லது, கென்யிரின் முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளிடையே மாலையில் வழி தவறுகிறவனுக்கு அது துணை. 12 வோல்ட் மின்கலத்தில் லித்தியம் இனம் எடை குறைவு. எடை குறைவது கயாக்கில் பெரிது. 2018-இல் கார்மின் நிறுவனம் கொணர்ந்த, முன்னாலுள்ள மீன் நகர்வதை அந்தக் கணமே காட்டும் விலையுயர்ந்த வகையை நான் விலக்குவேன். அமெரிக்காவில் தூண்டிற் போட்டி நடத்தும் சங்கங்கள் சிலவே அதற்குத் தடையும் வரம்பும் விதித்துள்ளன; அங்கே மீனுக்கு எஞ்சியிருந்த கடைசி மறைவும் போய்விடுகிறது.

ஒரு செய்தி விடுபட்டது. ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நமக்குச் சொல்லுமேயன்றிக் கரையில் உள்ளவருக்குச் சொல்லாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலரிடம் இக்கருவி இருந்தது. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்கள் இருக்குமிடம் கரைக்கும் எட்டவில்லை. திரும்பாதவர் பலர். ஆதலின் படகு இறக்குமுன், எந்த ஏரி, எந்தத் துறை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். விலைப்பட்டியலில் ஒரு படி கீழே இறங்கி வாங்கினால் மிஞ்சும் வெள்ளிக்கு நல்ல உயிர்காப்புச் சட்டை ஒன்றும் ஊதுகுழல் ஒன்றும் ஈப்போவிலேயே கிடைக்கும்.